ராம்ப் வாசலோடு முடிந்துவிடுகிறது, உள்ளே போனபிறகு என்ன?

சக்கரம் எழுதியது:

வணக்கம். பதினொரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். முதுகுத் தண்டில் அடி, மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. போன மாதம் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காக நான்கு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தேன். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் போன எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

வாசலில் அருமையான ராம்ப். இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத தரை, கதவு தானாகத் திறக்கிறது. நிம்மதியாக உள்ளே போனேன். முதலில் எடை பார்க்கச் சொன்னார்கள். இருந்தது ஏறி நிற்கும் மெஷின் ஒன்றுதான். என்னால் நிற்க முடியாது என்றதும் அந்தப் பெண், "சும்மா தோராயமா சொல்லுங்க சார்" என்று பேனாவோடு காத்திருந்தார். மயக்க மருந்தையே எடையைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள், அதை நான் எப்படித் தோராயமாகச் சொல்வது? நான் கடைசியாக எடை பார்த்து மூன்று வருடம் ஆகிறது.

அப்புறம் பரிசோதனைப் படுக்கை. என் நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் கூட வராது, படுக்கையோ எண்பதுக்கு மேல். நடுவில் இருக்கும் அந்த ஒரு அடிக்காக இரண்டு பேர் வந்து, ஒருவர் அக்குளில் கை கொடுத்து, இன்னொருவர் முழங்காலுக்கு அடியில் பிடித்துத் தூக்கினார்கள். நல்ல மனிதர்கள், வேகமாக முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான். இடுப்பு படுக்கையின் விளிம்பில் உரசியது எனக்குத் தெரியவில்லை. ராத்திரி என் மனைவி துடைத்துவிடும்போதுதான் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருப்பதைப் பார்த்தாள்.

முதல் ராத்திரி, வழியில் இடைஞ்சலாக இருக்கிறது என்று நாற்காலியை வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். கதவிடுக்கு வழியாக அதன் ஒரு சக்கரம் மட்டும் தெரிந்தது. விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உங்கள் இரண்டு காலையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, "காலையில் தருகிறோம், தூங்குங்கள்" என்றால் தூக்கம் வருமா?

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மூன்றாம் நாள் மாலை திடீரென்று மண்டையைப் பிளக்கிற தலைவலி, முகமெல்லாம் வியர்வை. பிபி 150 என்றது மெஷின். "150 பெரிய விஷயம் இல்லை, ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். எனக்கு வழக்கமாக 95 தான் இருக்கும். சிறுநீர் வெளியேறும் கதீட்டர் குழாய் கட்டில் கம்பியில் மாட்டி மடங்கியிருந்தது. மனைவி கண்டுபிடித்து நேராக்கியதும் பத்து நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. அவள் அப்போது டீ குடிக்கப் போயிருந்தால்?

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். அடுத்த மாதம் மறுபடி போகவேண்டியிருக்கிறது. இந்த முறை தயாராகப் போக நினைக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

பதினான்கு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அந்த வார்டில் இல்லை, ஆனால் இருந்திருந்தால் ஆரம்ப வருடங்களில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு வந்தது அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வரும். காயத்துக்குக் கீழே உடம்பில் ஏதோ தொந்தரவு, பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை, இல்லை மலச்சிக்கல், சில சமயம் உள்ளே வளர்ந்த கால் நகம் கூடப் போதும். வலி என்று மூளைக்குச் செய்தி போகாது, ஆனால் ரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் மட்டும் விறுவிறுவென்று ஏறும். வழக்கமான அளவைவிட 20 முதல் 40 வரை மேல் எண் கூடினாலே அபாய எச்சரிக்கைதான். உங்களுக்கு 95 இல் இருந்து 150 என்றால் 55 கூடியிருக்கிறது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக்கசிவு வரலாம், உயிரே போகலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும், கதீட்டரில் மடிப்போ அடைப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பார்த்துக்கொண்டே காரணத்தைத் தேட வேண்டும். படுக்கவைப்பது தப்பு. "ரெஸ்ட் எடுங்க" என்று சாய்த்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும்.

தூக்குவதைப் பற்றி: அக்குளில் கை கொடுத்துத் தூக்காதே என்றுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தோள்மூட்டு போய்விடும், தூக்குகிறவர் முதுகும் போய்விடும். என்னோடு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு டிஸ்க் பிரச்சினை என்று எண்ண ஆரம்பித்தால் கை விரல் போதாது. தூக்கும் கருவி எங்கள் தளத்திலேயே ஒன்று இருக்கிறது. அதன் பேட்டரியை யாரும் சார்ஜ் போடுவதில்லை, ஆளைத் தாங்கும் துணித்தொட்டில் எங்கே என்று தெரியாது, அதனால் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து நிற்கிறது. வாங்கிப் போட்டால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு பேருக்காவது அதை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

வெண்கோல் எழுதியது:

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, கைபேசியில் இருக்கும் எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் பிரச்சினை டோக்கன். எண் திரையில் மாறும், ஒரு "டிங்" சத்தம் வரும், அவ்வளவுதான். யாருடைய எண்ணுக்கு டிங் அடித்தது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனது தெரியாமல் காலி நாற்காலியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் எண் போய்விட்டது, மறுபடி வரிசையின் கடைசி. அந்த மெஷினிலேயே எண்ணைக் குரலில் சொல்லவைக்கும் வசதி இருந்திருக்கிறது, சத்தமாக இருக்கிறது என்று அணைத்து வைத்திருக்கிறார்கள்!

அப்புறம் ஒப்புதல் படிவம். ஆறு பக்கம். "இங்க ஒரு கையெழுத்து" என்று என் விரலைப் பிடித்துத் தாளில் வைத்தார்கள். வாசித்துக் காட்டுங்கள் என்றேன். "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றார். அப்படியென்றால் ஏன் கையெழுத்து கேட்கிறீர்கள்? என் உடம்பில் என்ன செய்யப்போகிறீர்கள், என்ன தப்பு நடக்கலாம் என்பது தெரிந்துதானே நான் சம்மதிக்க வேண்டும். முந்தைய நாளே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் நானே கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ஸ்கேன் செய்த படமாக அனுப்பக் கூடாது, எழுத்தாக அனுப்ப வேண்டும், படத்தைத் திரைவாசிப்பான் சரியாக வாசிக்காது.

எல்லாவற்றையும் விட என்னைச் சுடுவது, டாக்டர் என் தம்பியைப் பார்த்து "இவருக்கு எத்தனை நாளா வலி?" என்று கேட்பது. வலி எனக்கு. வாய் எனக்கு இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் தம்பியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போகிறேன்.

மகனின்_அம்மா எழுதியது:

வெண்கோல் அண்ணா, நீங்கள் சொல்வது உங்களுக்குச் சரி. ஆனால் துணைக்கு வருகிறவரை வெளியே அனுப்புவதுதான் மரியாதை என்று மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. என் மகனுக்கு 19 வயது, ஆட்டிசம், பேச்சு வராது. பெரியவனாகிவிட்டான், அதனால் பார்வையாளர் நேரம் முடிந்ததும் அம்மா வெளியே போக வேண்டும் என்றார்கள். அவனுக்கு நான்தான் வாய். யார் யாரோ வந்து கையைப் பிடித்து ஊசி போட்டால் அவன் என்ன செய்வான்? அடிப்பான். அப்புறம் கட்டிப்போடுவார்கள்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நாளாகத் தலையில் இடது பக்கமாகவே அறைந்துகொண்டிருந்தான். சாப்பிடவில்லை. மூன்று பேர் பார்த்தார்கள், மூன்று பேரும் "இந்தப் பசங்க இப்படித்தான் பண்ணுவாங்க" என்று தூக்க மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நான்காவதாக ஒரு இளம் டாக்டர், தரையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காது பார்க்கும் கருவியை முதலில் என் காதில் வைத்துக் காட்டி, அப்புறம் அவன் கையிலேயே கொடுத்துத் தடவிப் பார்க்கவிட்டு, பொறுமையாகப் பார்த்தார். இடது காதில் சீழ் கட்டியிருந்தது. எல்லாமாகச் சேர்த்து இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

ஒரு மனிதனுக்கு ஒரு பெயர் ஒட்டிவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லா வலியையும் அந்தப் பெயரின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். மருத்துவ உலகத்திலேயே இதற்குத் தனிப் பெயர் இருக்கிறது, அந்த அளவுக்குத் தெரிந்த தவறு. தெரிந்தும் நடக்கிறது.

வெண்கோல் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னதும்தான் யோசித்தேன். என் கோபத்தைப் பொதுவிதி ஆக்கக் கூடாதுதான். துணை வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளியிடம் கேளுங்கள், கேட்டுப் பதில் வராதவர்களுக்கு அவர்களை அறிந்தவரைக் கூடவே இருக்கவிடுங்கள். இப்படிச் சொன்னால் நம் இருவருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். மகன் இப்போது நலமா?

மகனின்_அம்மா எழுதியது:

நன்றாக இருக்கிறான். இப்போது காதைத் தொட்டுக் காட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். காத்திருப்பதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை. டியூப் லைட் இரைச்சல், கூட்டம், ஸ்பீக்கரில் பெயர் கூப்பிடுவது. காலையில் முதல் ஆளாக நேரம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அது முடியாவிட்டால், நாங்கள் வெளியே மரத்தடியில் இருக்கிறோம், முறை வரும்போது போன் செய்யுங்கள் என்று கேட்பேன். அதற்குச் செலவே கிடையாது. பாதி இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

கைமொழி எழுதியது:

அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. வீட்டில் சைகை மொழிதான், நான் பேசக் கற்றதே அக்கம்பக்கத்தில்.

"வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாங்கல்ல?" என்று கேட்காத டாக்டர் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் "காலை வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் "நாளை வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அசையும். அப்பா ஒரு தடவை இதில்தான் ஏமாந்தார். நாளைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், அவரோ இனித் தினமும் காலையில் வெறும் வயிறு என்று புரிந்துகொண்டு நான்கு நாள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். சர்க்கரை நோயாளி! படம், மடம் இரண்டும் உதட்டில் ஒன்றுதான். பேசுகிறவர் முகக்கவசம் போட்டுவிட்டால் அந்த அரைகுறையும் இல்லை.

எழுதிக் காட்டலாமே என்பார்கள். சிலருக்குச் சரிவரும். ஆனால் சைகை மொழி என்பது கையால் பேசும் தமிழ் இல்லை, அதற்குத் தனி இலக்கணம், தனிச் சொல்வரிசை. அம்மாவுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி, அதிலும் "உயிர்த்திசு ஆய்வு" என்றெல்லாம் எழுதினால் என்ன புரியும்?

எனக்கு 13 வயது இருக்கும்போது அம்மாவின் மார்பில் எடுத்த சோதனையின் முடிவை டாக்டர் என்னிடம்தான் சொன்னார். "அம்மாகிட்ட சொல்லும்மா" என்றார். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை அசையவில்லை. கடைசியில் "சின்னக் கட்டி, சரியாகிவிடும்" என்று சொன்னேன். பொய் சொன்னேன், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கான சைகையை அம்மாவுக்குக் காட்ட என்னால் முடியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் அம்மாவுக்கு உண்மை தெரிந்தது. குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் நேரில் வர முடியாவிட்டால் இப்போது வீடியோ அழைப்பிலாவது வரலாம், ஒரு டேப்லெட்டும் நல்ல இணையமும் இருந்தால் போதும். திரை கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாருமே யோசிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சைகை பேசுகிறவருக்கு ட்ரிப்ஸ் ஊசியைப் புறங்கையில் குத்தி அட்டை வைத்துக் கட்டினால் அவர் பாதி ஊமையாகிவிடுகிறார். அம்மாவுக்கு வலது கையில்தான் குத்தினார்கள். இரண்டு நாள் இடது கையால் திக்கித் திக்கிப் பேசினார்கள். எந்தக் கையால் அதிகம் பேசுவீர்கள் என்று கேட்டு, மற்றக் கையில் முழங்கைக்குக் கீழே போட்டால் ஆயிற்று.

இரவுப்பணி எழுதியது:

கைமொழி, இது எனக்கு உண்மையிலேயே தோன்றியதே இல்லை. நாளையிலிருந்து கேட்பேன்.

எம்ஆர்ஐ பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். காது மெஷினையும், அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியின் வெளிப்பகுதியையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உள்ளே பொருத்தியிருக்கும் கருவியில் காந்தம் இருந்தால் எந்த மாடல் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கழற்றியபிறகு "மூச்சை அடக்குங்க" என்று ஸ்பீக்கரில் சொன்னால் அவருக்கு எப்படிக் கேட்கும்? உள்ளே அனுப்புவதற்கு முன்னாலேயே, காலில் ஒரு தட்டு என்றால் அடக்கு, இரண்டு தட்டு என்றால் விடு என்று பேசிவைத்துக்கொண்டு ஒருவர் கூட நிற்கலாம்.

கட்டடம் எழுதியது:

நான் கட்டட வரைபடம் போடுகிறவன், மருத்துவமனைகளுக்கும் போட்டிருக்கிறேன். சக்கரம் சொன்ன அந்த அருமையான ராம்ப் எல்லா இடத்திலும் இல்லை. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அதாவது 15 சென்டிமீட்டர் படி மூன்று இருந்தால் உயரம் 45, ராம்ப் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடம் இல்லை என்று பாதி நீளத்தில் முடித்துவிடுகிறார்கள். அதில் கையால் தள்ளி ஏற முடியாது, இறங்கும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப 1.5 மீட்டர் வேண்டும். கதவின் திறந்த இடைவெளி 80 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், இது கதவு நிலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அளக்கும் அளவு இல்லை, கதவு திறந்தபிறகு மிஞ்சும் இடம்.

எனக்கு அதிகம் மனம் வெறுத்துப்போவது கழிப்பறையில்தான். வரைபடத்தில் எல்லாம் சரியாகப் போட்டுக் கொடுப்போம். திறந்து ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மாற்றுத்திறனாளிக் கழிப்பறைக்குள் துடைப்பம், பினாயில் கேன், உடைந்த ஸ்டூல். பூட்டும் போட்டிருப்பார்கள், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அவசர அழைப்புக் கயிறு தரைவரை தொங்க வேண்டும், ஏனென்றால் விழுந்தவர் தரையில்தான் கிடப்பார். துடைக்க இடைஞ்சல் என்று அதைச் சுருட்டிக் கைப்பிடிக்கு மேலே முடிச்சுப் போட்டுவைத்திருப்பார்கள். நான் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

புதியவர் எழுதியது:

இதையெல்லாம் படிக்கும்போது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நேர்மையாக ஒரு கேள்வி. என் அக்கா சின்ன கிளினிக் நடத்துகிறார், மூன்று அறை, பழைய கட்டடம், வாடகை. தூக்கும் கருவி, உயரம் மாற்றும் படுக்கை, சைகை மொழிபெயர்ப்பாளர் என்று எல்லாம் அவரால் எப்படி முடியும்? முடியாவிட்டால் அவர் கெட்டவரா?

சக்கரம் எழுதியது:

நல்ல கேள்வி, கோபமே இல்லை. 2006 இல் ஐநா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் இதற்கான பதில் இருக்கிறது. ஒருவருக்குத் தேவையான பொருத்தமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்கிறது, அதே சமயம் அளவுக்கு மீறிய சுமையைச் சுமத்தக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் அக்கா நாளைக்கே கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் "எங்களிடம் இல்லை, வேறு இடம் பாருங்கள்" என்று அனுப்பினால் அது மறுப்பு. மேலே ஏற முடியாதவரைக் கீழே ஒரு அறையில் வந்து பார்க்கலாம். படுக்கை ஒன்று புதிதாக வாங்கும் நாள் வரும்போது தாழ்கிற படுக்கையாக வாங்கலாம், அது கர்ப்பிணிக்கும் உதவும், மூட்டு வலிக்கார முதியவருக்கும் உதவும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகத்தில் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க ஊனத்தோடு வாழ்கிறார்கள். அக்காவின் கிளினிக்குக்கு அவர்கள் வராமல் இருக்கிறார்கள் என்றால், ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதியவர் எழுதியது:

புரிகிறது. முதலில் எதைச் செய்யச் சொல்லட்டும்?

இரவுப்பணி எழுதியது:

நேரம் கொடுக்கும்போதே ஒரு கேள்வி: "நீங்கள் வரும்போது நாங்கள் எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?" இதைக் கேட்டு, பதிலைக் கோப்பின் முதல் பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி எழுத வேண்டும். இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 2016 முதல், தகவல் தொடர்புத் தேவைகளுக்கு இப்படி ஒரு விதியே இருக்கிறது: கேள், எழுது, தெரியும்படி குறி, அடுத்தவருக்குச் சொல், செய்துகொடு. எங்கள் வார்டில் முதல் இரண்டு ஓரளவு நடக்கிறது. மூன்றாவதிலிருந்துதான் அறுந்துபோகிறது. காலை ஷிஃப்டில் சொன்னது இரவு ஷிஃப்டுக்கு வருவதில்லை, எக்ஸ்ரேக்காரருக்குப் போகவே போகாது. அதனால் நோயாளி ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

சக்கரம் ஐயா, நீங்கள் போகும்போது ஒரே பக்கத்தில் எழுதி நான்கு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய எழுத்தில். வழக்கமான பிபி முதல் வரியில். தலைவலியும் வியர்வையும் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது வரியில். மற்றதெல்லாம் அதற்குக் கீழே. ஒன்று கோப்புக்கு, ஒன்று கட்டில் தலைமாட்டுக்கு, ஒன்று அறுவை சிகிச்சை அரங்குக்கு, ஒன்று உங்கள் மனைவியிடம். நோயைப் பற்றிய வரலாறு அதில் வேண்டாம், அது கோப்பில் இருக்கிறது. நள்ளிரவில் வருகிற நர்ஸ் அரை நிமிடத்தில் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

வெண்கோல் எழுதியது:

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மாத்திரை அட்டைகள் எல்லாம் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மருந்துப் பெட்டியில் பெயரைப் பிரெய்லில் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். எல்லா நாட்டிலும் அது இல்லை. அதனால் நான் மருந்துக் கடையில் நின்றபடியே காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரிக்கு இரண்டு போட்டுத் தரச் சொல்வேன். போட்ட பிறகு நானே தொட்டு, இது எது, இது எது என்று திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவேன்.

சக்கரம் எழுதியது:

தாள் தயார். நேற்று மருத்துவமனைக்கு முன்னதாகவே அனுப்பினேன். எடைக்கு ஒரு வழி சொன்னார்கள்: சரக்கு எடை போடும் மேடை ஒன்று கீழ்த்தளத்தில் இருக்கிறதாம், நாற்காலியோடு ஏறச் சொல்லி, அப்புறம் காலி நாற்காலியின் எடையைக் கழிக்கலாம் என்றார்கள். அழகாக இல்லை, ஆனால் உண்மையான எண் கிடைக்கும். தூக்கும் கருவி அவர்களிடமும் இருக்கிறது, சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை அந்த வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். தாளைப் படித்துக்கொண்டே பேசினார் என்று குரலிலேயே தெரிந்தது. "நாற்காலி ராத்திரி கட்டில் பக்கத்திலயே இருக்கணும்னு எழுதியிருக்கீங்க சார், எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

இடது பக்கம் என்றேன். பிரேக் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில்.

"சரி, எழுதிக்கிறேன்" என்றார்.